போல்டான பெண்ணும் பினாங்குப் பாலமும்

எங்கள் ஆட்கள் ஆங்கிலத்திலிருந்து எத்தனையோ சொற்களை எடுத்துப் புழங்குகிறார்கள். அதில் எனக்குப் பிடிக்காத ஒரே சொல் 'போல்ட்'. ஓர் ஆணைப் பார்த்து யாரும் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆண் ஒரு காரியத்தைத் துணிந்து செய்தால் தைரியசாலி. கொஞ்சம் கூடிப்போனால் கொழுப்பு. அதையே ஒரு பெண் செய்தால்தான் 'போல்ட்'.

அதிலும் படிகள் இருக்கின்றன. 'பொண்ணு போல்ட்' என்றால் பாராட்டு. 'பொண்ணு ரொம்ப போல்ட்' என்றால் பெண்ணின் அம்மா வேறு இடத்தில் மாப்பிள்ளை தேட வேண்டியதுதான். 'கொஞ்சம் போல்டா இரும்மா' என்பதை அழுதுகொண்டிருப்பவளிடம் சொல்வார்கள். சொல்லிவிட்டு, தங்கள் வேலை முடிந்தது என்று நகர்ந்துவிடுவார்கள். 'நீங்கதான் போல்டாச்சே' என்று யாராவது ஆரம்பித்தால், ஒருவருக்கும் பிடிக்காத ஒரு வேலை நம் தலையில் விழப்போகிறது என்று பொருள். நான் அதிகம் கேட்டது இந்தக் கடைசி வகையைத்தான்.

ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் அலுவலகத்தில் இருந்த தடிமனான அகராதியை எடுத்துப் பார்த்தேன். அஞ்சாத, துணிந்த என்று முதலில் போட்டிருந்தது. கொஞ்சம் கீழே போனால் நாணமற்ற என்றும் போட்டிருந்தது. சரிதான், எங்கள் ஆட்கள் அகராதியைப் பார்க்காமலேயே இரண்டையும் சரியாகப் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு மூடிவைத்தேன். உள்ளூர உதறிக்கொண்டு வெளியே அசையாமல் நிற்பவளுக்கு அதில் ஒரு சொல்லும் இல்லை.

எனக்கு அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. சுங்கை பினாங்கில், ஆற்றை ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் அப்பா அம்மாவோடு இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்திருந்த அவருடைய அத்தை. அந்த அத்தை சொல்வதுதான் அந்தக் குடும்பத்தில் சட்டம் என்று தரகர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். நான் ஆறு கோப்பைக் காபியைத் தட்டில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். எனக்குப் பின்னாலேயே, சமையலறைக் கதவு வழியாக, ஓர் உடும்பும் வந்தது.

ஆற்றங்கரை வீடுகளில் உடும்பு, எங்கள் பேச்சில் பியாவாக்கு, வருவது புதிதல்ல. ஆனால் வழக்கமாக அது கால்வாயோடு போய்விடும். இது வாலோடு சேர்த்து என் உயரம் இருந்தது. முதலில் பார்த்தது மாப்பிள்ளையின் அம்மா. அவர் எழுந்த வேகத்தில் எல்லோரும் எழுந்தார்கள். அப்பா வாசலுக்கு ஓடினார், தரகர் அவருக்கு முன்னால் ஓடினார், அத்தை செருப்பைக்கூடத் தேடாமல் தெருவில் நின்றார். மாப்பிள்ளை மட்டும் ஓடவில்லை. நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டார். நான் தட்டோடு கூடத்தின் நடுவில் நின்றேன். ஓடக்கூடாது என்று நான் நினைக்கவில்லை. முழங்கால் பூட்டிக்கொண்டது, அவ்வளவுதான். வாயைத் திறந்தால் சத்தமும் வரவில்லை. உடும்பு நாக்கை இரண்டு முறை நீட்டிப் பார்த்தது, என் காலைச் சுற்றிக்கொண்டு போனது, வாசலில் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி, வந்த வழியே ஆற்றுக்குப் போய்விட்டது.

எல்லோரும் உள்ளே வந்தபோது நான் அதே இடத்தில் அப்படியே நின்றேன். அத்தை என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"பியாவாக்கு கால சுத்திட்டுப் போவுது, பொண்ணு அசையலயே லா. போல்டான பொண்ணு."

அந்த நிமிடமே கல்யாணம் முடிவாகிவிட்டது. மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, என் விரல்களிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போனார். மாப்பிள்ளைக்கு வீட்டு வேலையெல்லாம் தெரியும் போலிருக்கிறதே என்று அம்மா பூரித்துப்போனார். நான் உட்கார இடம் தேடிக்கொண்டிருந்ததால் வேறு எதையும் கவனிக்கவில்லை.

அத்தை அந்தச் சொல்லை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டார். கல்யாண மண்டபத்தில் வந்தவர்களுக்கெல்லாம் உடும்புக் கதையைச் சொன்னார். ஒவ்வொரு முறையும் உடும்பு ஓர் அடி வளர்ந்தது. அதன்பிறகு இரண்டு குடும்பத்திலும் எது நடந்தாலும் என்னைத்தான் தேடினார்கள். மச்சினனின் மோட்டார்சைக்கிள் திருட்டுப்போனபோது காவல் நிலையத்துக்கு நான் போனேன். காதுகுத்துக்குச் சமைத்துக்கொண்டு வந்தவரின் சாம்பார் புளித்துப்போனபோது அவரிடம் சண்டைபோட நான் போனேன். நிச்சயித்த கல்யாணம் நின்றுபோன செய்தியை மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லவும் நான்தான் போனேன். எல்லா இடத்திலும் நன்றாகவே பேசினேன். போவதற்கு முன் நான் இரண்டு தடவை கழிப்பறைக்குப் போவதை யாரும் எண்ணவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அதுவும் நல்லதாகச் சொல்லும் வாயை மூட யாருக்குத்தான் மனசு வரும்? பெருமைக்காக நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

கார் ஓட்டியதும் அந்தப் பெருமையில் ஒரு பங்கு. என் வீட்டுக்காரர் லிட்டில் இந்தியாவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்கிறார். அன்றும் அங்கேதான், இன்றும் அங்கேதான். அவர் மோட்டார்சைக்கிளோடு நின்றுகொண்டார், கார் லைசென்ஸ் எடுக்கவில்லை. நான் எடுத்தேன். பழைய கார் ஒன்று வாங்கி, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து நான் ஓட்டிக்கொண்டு போனால் சுங்கை பினாங்கே பார்க்கும். பிறகென்ன, அதற்கும் போல்ட்தான்.

அந்தக் காரில் முதல்முறையாக, எங்கள் தீவைக் கடல்மேல் அக்கரையோடு இணைக்கும் பாலத்தில் ஏறிய நாளை நான் யாரிடமும் சொன்னதில்லை. அக்கரையில் இருந்த அத்தை வீட்டு விருந்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். கிலுகோர் பக்கம் ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. போகப் போகப் பாலம் உயர்ந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர் மட்டும்தான். நடுவில், கம்பிகள் தாங்கும் அந்த மேடான பகுதியில், ஒரு கண்டெய்னர் லாரி எங்களைத் தாண்டிப் போனது. கார் ஆடியது. அவ்வளவுதான், முழங்கால் மறுபடியும் பூட்டிக்கொண்டது. விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. வேகம் நாற்பதுக்கு இறங்கி, பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். நிறுத்தவும் முடியாது, திரும்பவும் முடியாது. அக்கரை போய்ச் சேர்ந்ததும் முதல் பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, கழிப்பறையில் போய் அழுது, முகம் கழுவிக்கொண்டு வந்தேன். நல்லவேளை, பக்கத்து இருக்கையில் அவர் வழி நெடுகத் தூங்கிக்கொண்டு வந்தார். அப்படித்தான் நினைத்தேன்.

திரும்பும்போது இன்னொரு முறை பாலம் ஏற வேண்டுமே என்று விருந்தில் ஒரு வாய் சோறு இறங்கவில்லை. காரில் ஏறி உட்கார்ந்ததும் அவர் சொன்னார்.

"பெர்ரியில போலாமா? கொஞ்சம் காத்து வாங்கலாம்."

அவர் காலில் விழாத குறைதான். அந்தக் காலத்தில் கடலைக் கடக்கும் அந்தப் பெர்ரிப் படகில் காரையும் ஏற்றிக்கொள்வார்கள். வண்டியைக் கீழ்த்தளத்தில் நிறுத்திவிட்டு, பருந்துகளைப் பார்த்துக்கொண்டு இருபது நிமிடத்தில் இக்கரை வந்துவிடலாம். அன்றிலிருந்து அது எங்கள் வழக்கமாகிவிட்டது. கல்யாணம், கருமாதி, தீபாவளி எதுவானாலும் அக்கரைக்குப் பெர்ரிதான். படகுத்துறைக் கடையில் அவர் ஒரு பொட்டலம் அசாம்போய் வாங்கிக்கொள்வார். உப்பும் புளிப்புமாக உலர்த்திய, பார்த்தாலே நாக்கு ஊறும் அந்தப் பழத்தில் ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு, கண்ணை மூடி, காரின் மேல் சாய்ந்து நிற்பார். மனுஷன் எவ்வளவு ரசித்துக் காற்று வாங்குகிறார் என்று நினைத்துக்கொள்வேன். உறவில் யாராவது, பாலம் இருக்கும்போது பெர்ரியில் ஏன் வரிசையில் நிற்கிறீர்கள் என்று கேட்டால், இவருக்குக் காற்று பிடிக்கும் என்று அவர் தலையில் போட்டுவிடுவேன். அவரும் ஆமாம் என்பார். பிறகு தெற்கே இரண்டாவது பாலம் ஒன்று கட்டினார்கள். முதல் பாலத்தைவிட நீளம். அந்தப் பக்கமே நான் போகவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு பெர்ரியில் கார் ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். ஆட்களும் மோட்டார்சைக்கிள்களும் மட்டும்தான் என்றார்கள். செய்தியைப் படித்த அன்று எனக்கு வீட்டுக்கு இருந்த ஒரே கதவை யாரோ அடைத்துவிட்டாற்போல் இருந்தது. அதற்குப் பின்னும் சமாளித்தேன். வண்டி பட்டறையில் இருக்கிறது என்பேன், அங்கே நிறுத்த இடம் கிடைக்காது என்பேன், எனக்கு முதுகு வலி என்பேன். கால்நடையாகப் பெர்ரி ஏறி, அக்கரையில் யாராவது வந்து ஏற்றிக்கொண்டு போவார்கள். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன் என்றே நினைத்திருந்தேன்.

போன வருஷம் பூசணிக்காய் வெளியே வரும் நேரம் வந்தது. நான் மோட்டார் இன்சூரன்ஸ் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அடிபட்ட கார்களின் படங்கள் வரும். கதவில் விழுந்த பள்ளத்தைப் பார்த்தாலே, மோதியது லாரியா, சுவரா, இல்லை மச்சானுடைய காரா என்று சொல்லிவிடுவேன். வீட்டில் நான் வெறும் போல்ட். அங்கே நான் கெட்டிக்காரி. அந்த மேசையை எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஒரு திங்கட்கிழமை மேலாளர் எல்லோரையும் கூப்பிட்டு, அலுவலகத்தை அக்கரையில் இருக்கும் ஜுருவுக்கு மாற்றப்போகிறோம் என்றார். பட்டறைகளும் கார்க்கடைகளும் அங்கேதான் இருக்கின்றன, பக்கத்திலேயே இருந்தால் வேலை சுலபம் என்றார். வர முடியாதவர்கள் மாதக் கடைசிக்குள் சொல்லிவிட வேண்டும், அவர்களை முறைப்படி அனுப்பிவைப்போம் என்றார். சீனப் பெண்மணி அவர், என்மேல் பிரியம் உள்ளவர். கூட்டம் முடிந்ததும் என் தோளைத் தட்டி, மற்றவர்களைப் பற்றித்தான் கவலை, நீ போல்ட், நீ வந்துவிடுவாய் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அத்தையின் சொல் அவர் வாய்க்கு எப்படிப் போனதோ தெரியவில்லை.

ஒருநாள் விடுப்பு எடுத்துப் பெர்ரியிலும் பேருந்திலுமாக ஜுருவுக்குப் போய்ப் பார்த்தேன். போக இரண்டு மணி நேரம். வர அதற்கும் மேல். ஒருநாள் போகலாம், தினமும் ஐம்பத்துநாலு வயதில் முடியாது. காரில் என்றால் பாலம் ஏற வேண்டும். எனக்கோ தினமும் அடிபட்ட கார்களைப் பார்த்துப் பார்த்து மனசு கெட்டுப்போயிருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பாலம் என்று நினைத்தாலே, என் கார் எந்தக் கோணத்தில் நசுங்கும் என்றுகூடக் கணக்காகத் தெரிந்தது. மாதம் முடிய ஐந்து நாள் இருந்தபோது மேலாளரிடம் போனேன். வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். ஏன் என்று கேட்டார். அப்போது என் வாயிலிருந்து வந்ததை நினைத்தால் இன்றும் கூசுகிறது. என் வீட்டுக்காரருக்கு நான் அவ்வளவு தூரம் வேலைக்குப் போவதில் விருப்பமில்லை என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். புருஷன் வேண்டாம் என்றால் என்ன செய்வது, கடிதத்தைத் திங்கட்கிழமை கொடு என்றார். வெளியே வந்தபோது அழுகை வந்தது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். காற்றுப் பிடிக்கும் மனுஷன் தலையில் அதையும் தூக்கி வைத்துவிட்டேன்.

என் பக்கத்து மேசையில் ஒரு தங்கச்சி இருக்கிறாள். தமிழ் முஸ்லிம் பெண், நாற்பது வயதிருக்கும், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் அடுக்குமாடியில் குடியிருக்கிறாள். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிடப் பெரிது. சனிக்கிழமை மத்தியானம் அவள் எனக்குப் போன் செய்தாள். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. லிட்டில் இந்தியாவுக்குத் துணி எடுக்கப் போனாளாம், என் வீட்டுக்காரரின் கடைக்கே போனாளாம், நான் மேலாளரிடம் சொன்ன காரணம் காதில் விழுந்த கோபத்தை அடக்க முடியாமல் கேட்டுவிட்டாளாம்.

"மன்னிச்சிருங்க அக்கா. இருபத்தாறு வருசம் பாத்த வேலய ஏன் அண்ணே விடச் சொல்றீங்கன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"ஆமாம்மா, நான்தான் வேணாம்னேன், அந்தப் பாலத்துல தினமும் காடி ஓட்டிட்டுப் போறத நெனச்சா எனக்குத்தான் பயமா இருக்குன்னாரு. தலைய குனிஞ்சிக்கிட்டாரு அக்கா. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு."

போனை வைத்தேன். அலுவலகம் ஜுருவுக்கு மாறுகிறது, வேலையை விடப்போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். அலுத்துவிட்டது, உடம்பு முடியவில்லை என்று காரணம் சொல்லியிருந்தேன். அவர் பெயரைச் சொல்லித் தப்பித்ததை அவரிடம் சொல்லவில்லை. பாலம் என்ற சொல்லை இத்தனை ஆண்டுகளில் ஒருநாளும் நான் வாயில் எடுத்ததில்லை. அவர் எடுத்திருக்கிறார்.

சேலையை மாற்றிக்கொண்டு பேருந்து ஏறினேன். லிட்டில் இந்தியாவில் சனிக்கிழமைக் கூட்டம். ஒவ்வொரு கடை வாசலிலும் ஒலிபெருக்கி ஒவ்வொரு பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு அவர் தேநீர் குடிக்க வெளியே வருவார் என்று தெரியும். கடைக்கு எதிரே இருக்கும் உணவுக்கடையில், நடைபாதையில் போட்டிருந்த மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் எனக்கும் ஒரு தே சொன்னார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் மன்னிப்புக் கேட்டேன். மேலாளரிடம் என்ன சொன்னேன் என்பதை மாற்றாமல் சொன்னேன். அவர் தேயை ஆற்றிக்கொண்டே கேட்டார். பிறகு, இதைச் சொல்லவா பேருந்து ஏறி வந்தாய் என்றார். இல்லை என்றேன். அப்போதுதான் அதைச் சொன்னேன்.

"எனக்குப் பாலம்னா பயம்."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"மொத நாளே. நான் தூங்கல. தூங்குற மாதிரி கண்ண மூடிக்கிட்டேன். முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சா நீ இன்னும் பதறுவன்னு பேசாம இருந்தேன்."

எனக்குச் சொன்ன தே வந்தது. கொண்டுவந்தவர் அவசரத்தில் வைத்ததில் கொஞ்சம் சிந்தி, கோப்பையின் கீழ்த்தட்டில் தேங்கியது. அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

"அதுக்கும் முன்னாடியே தெரியும். பியாவாக்கு வந்த அன்னிக்கு நீ வெச்சிருந்த காப்பி பாதிக்கு மேல கீழ்த்தட்டுலதான் கெடந்துச்சு. கை அப்படி ஆடுது. அத்தை போல்ட் போல்ட்டுங்குது. நாற்காலி மேல நின்னுக்கிட்டிருந்த எனக்குத்தானே எல்லாம் தெரியும்."

"அதுக்கா தட்டத் தூக்கிட்டுப் போனீங்க?"

"ஊத்திட்டுத் தொடச்சு வெச்சேன். அத்தை பாத்திருந்தா என்ன சொல்லியிருக்கும்? எனக்கு அன்னிக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா. அப்பாடா, நம்மள மாதிரியே ஒருத்தி இருக்கான்னு."

இருபத்தொன்பது ஆண்டுகளாக இந்த மனுஷன் ஒரு போல்டான பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்ததாக நான் நினைத்திருந்தேன். அந்தப் பெண்ணைக் காப்பாற்ற நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அவர் கட்டிக்கொண்டது கை நடுங்கிய பெண்ணை. நான் யாருக்காக நடித்தேனோ அந்த ஆள் முதல் நாளிலிருந்தே திரைக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்திருக்கிறார். நடைபாதையில், அத்தனை கூட்டத்தில், நான் அழுதேன். அழுதுகொண்டே சிரித்தேன். மார்பில் கிடந்த கல்லை யாரோ எடுத்ததுபோல் மூச்சு நன்றாக வந்தது.

ஏன் ஒருநாளும் சொல்லவில்லை என்று கேட்டேன். நீயே மறைக்கும்போது நான் எப்படி எடுத்துக் கேட்பது என்றார். அது அவருக்கு நியாயமாகத்தான் பட்டது. எனக்குச் சட்டென்று இன்னொன்று நினைவுக்கு வந்தது.

"அப்ப பெர்ரியில காத்து வாங்குனது?"

"காத்தா? எனக்குப் பெர்ரியில ஏறுனாலே தல சுத்தும், வாந்தி வரும். அசாம்போய் எதுக்கு வாங்குனேன்னு நெனச்ச?"

கண்ணை மூடி, காரின் மேல் சாய்ந்து, வாயில் அந்தப் பழத்தை அடக்கிக்கொண்டு அவர் நின்ற கோலம் எனக்குத் தெரிந்தது. இருபது நிமிடம் போக, இருபது நிமிடம் வர, எத்தனை ஆண்டுகள். நான் பருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். தெருவில் நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டதே இல்லை. அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, கடையில் ஆள் தேடுவார்கள் என்றார். ஆனால் கையை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை மேலாளரின் அறைக்குக் கடிதம் இல்லாமல் போனேன். வழக்கம்போல் அதற்கு முன் இரண்டு தடவை கழிப்பறைக்குப் போனேன். என் வீட்டுக்காரர்மேல் பொய் சொல்லிவிட்டேன், எனக்குப் பாலத்தில் கார் ஓட்டப் பயம், அதுதான் காரணம், வேறு ஒன்றுமில்லை என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டு, இவ்வளவுதானா, உனக்குப் பதில் யாரை வைப்பது என்று மூன்று நாளாக எனக்குத் தூக்கமில்லை என்றார். எழுந்துபோய்க் கதவைத் திறந்து, பக்கத்து மேசைத் தங்கச்சியைக் கூப்பிட்டார். அவள்தான் தினமும் காரில் போகப்போகிறாள், உன் வீட்டு வழியாகத்தான் போகப்போகிறாள், அவள் காரில் போ என்றார்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா அக்கா," என்றாள் அவள். "நான் பாவம் அண்ணன வேற ஏசிட்டு வந்துட்டேன்."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. இருபத்தாறு ஆண்டு வேலை ஒரு நிமிடத்துப் பேச்சில் தங்கிவிட்டது. பாலம் அப்படியேதான் இருக்கிறது, என் பயமும் அப்படியேதான் இருக்கிறது. முதல் வாரம் அவளுடைய காரில் கண்ணை இறுக மூடிக்கொண்டு போனேன். கம்பிகள் வரும் இடத்தில் அவள் தன் மாமியாரைப் பற்றிப் பேச ஆரம்பிப்பாள். வேண்டுமென்றே அந்த இடத்துக்கென்று சேர்த்து வைத்திருப்பாள். இப்போது லாரி பக்கத்தில் வராவிட்டால் கண்ணைத் திறந்திருப்பேன். வந்தால் மூடிக்கொள்வேன்.

ஜுருவில் எனக்கு ஜன்னலோரத்து மேசை கிடைத்திருக்கிறது. பள்ளம் விழுந்த கதவுகள் அங்கேயும் வருகின்றன.

இரண்டு மாதத்துக்கு முன் புக்கிட் மெர்தாஜாமில் உறவில் ஒரு கல்யாணம். பந்தியில் பாயசம் வரவில்லை. சமையல்காரரிடம் போய்க் கேட்க வேண்டும், அவர் முரடர் என்று எல்லோருக்கும் தெரியும். எண்பத்தாறு வயதாகும் அத்தை சக்கர நாற்காலியிலிருந்தே என்னைத் தேடினார். நீதானே போல்ட், நீ போய்க் கேள் என்றார். எனக்குப் பயமாக இருக்கிறது அத்தை, நான் போகமாட்டேன் என்றேன். அத்தை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். பிறகு, வயதாகிவிட்டதல்லவா, இந்தப் பெண்ணுக்கும் முன்னைப்போல் முடியவில்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். சொல்லிவிட்டு உடும்புக் கதையை ஆரம்பித்தார். பாயசத்தைக் கடைசியில் கல்யாண மாப்பிள்ளையின் தம்பி போய்க் கேட்டு வாங்கிவந்தான். என் வீட்டுக்காரர் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டு சிரித்தார்.

அக்கரைக்குப் போவதென்றால் இப்போதெல்லாம் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு பாலத்தில்தான் போகிறோம். அவர் புறப்படும்போதே ஒரு பொட்டலம் அசாம்போய் வாங்கி என் கையில் கொடுத்துவிடுகிறார். கம்பிகள் தெரியும்போது நான் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடுவேன். பக்கத்தில் ஜன்னல் கண்ணாடி இறங்கும் சத்தம் கேட்கும். பாலத்தில் அவருக்குத் தலை சுற்றுவதில்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு, அந்த மனுஷன் இப்போதுதான் உண்மையாகவே காற்று வாங்குகிறார்.